பாடை திரும்பும் கேட்

எங்கள் ரயில்வே கேட்டுக்குப் போன் வந்துவிட்டது. இரும்புக் கதவுகள் இரண்டையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது நீளமாக ஒரு கம்பு. சக்கரத்தைச் சுற்றினால் மேலே போகிறது, திருப்பிச் சுற்றினால் இறங்குகிறது. வண்டி புறப்பட்டதும் ஸ்டேஷனிலிருந்து மணி அடித்துச் சொல்கிறார்கள். நல்லதுதான். அதைப் பார்க்கலாம் என்று ஒருநாள் போயிருந்தேன். அங்கே வேலையில் இருக்கிற தம்பி மரியாதையான பிள்ளை. நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, அதன்பிறகு சொன்னார்:

"எங்களுக்கு எத்தன பாடம், எத்தன பரீட்சை தெரியுமா ஆத்தா? ஒங்க காலத்துல என்ன இருந்துச்சு? கதவ அடைக்கிறது, தொறக்கிறது. மாட்டுக் கொட்டகை மாதிரி."

டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வாயால் சொல்லியிருந்தால் பாதி அந்த மணிச் சத்தத்தில் போயிருக்கும். அதனால் எழுதுகிறேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது ஆகிறது. ஆகட்டும். எனக்கு இப்போது எந்த வண்டியும் வரவில்லை.

யுத்தம் தொடங்குவதற்கு முந்தின காலம். புதுக்கோட்டை அப்போது மகாராஜா சமஸ்தானம். தண்டவாளம் போட்டு அதிக வருஷம் ஆகவில்லை. எங்கள் வீட்டுக்காரர் கேங்கில் இருந்தார். கேங் என்றால் தண்டவாளத்தைப் பார்த்துக்கொள்ளும் கூலிப்படை. ஜல்லி இடிப்பது, கட்டை மாற்றுவது, ஆணி முடுக்குவது எல்லாம் அவர்கள்தான். ஒருநாள் தண்டவாளத்தைத் தூக்கிப் போடும்போது முன்னால் பிடித்தவன் கையை விட்டுவிட்டான். இவர் கால்மேல் விழுந்தது. கட்டுப் பிரித்தபோது கால் இருந்தது, முழங்கால் மடங்கவில்லை. மடங்காத காலை வைத்துக்கொண்டு கேங்கில் என்ன செய்வது?

அரிமளம் போகும் வண்டிப்பாதையில் கேட் காலியாக இருந்தது. கேட்டை ஒட்டிச் சின்னதாக ஒரு ஓட்டு வீடும் உண்டு. அதையாவது இவருக்குக் கொடுங்கள் என்று கேங் மேஸ்திரி சொல்லி, இன்ஸ்பெக்டர் பார்க்க வந்தார். அவர் பெயர் சவரிமுத்து. ஆவூர்ப் பக்கத்து வேதக்காரர், கிறிஸ்தவர். தண்டவாளத்தின் மேல் ஆள் தள்ளுகிற டிராலியில்தான் வருவார், போவார். ஒல்லியான ஆள், காக்கித் தொப்பி, சட்டைப்பையில் வெள்ளிப் பொடிடப்பி. யாரையும் சத்தம் போட்டுத் திட்டி நான் கேட்டதில்லை. சத்தம் போடுகிறவரிடம் பயம் ஒருநாளில் தெளிந்துவிடும். இவரிடம் தெளியவில்லை.

எங்கள் வீட்டுக்காரரை நடக்கச் சொல்லிப் பார்த்தார்.

"நடக்கிற. கேட்டுக்கு நடந்தாப் போதாதுப்பா. தண்டவாளத்துல ஏதாச்சும் மாட்டிக்கிச்சுன்னா வண்டிக்கு எதிர்க்க ஓடணும். ஓடுவியா?"

இவர் தரையைப் பார்த்தார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் நின்ற நான், "நான் ஓடுவேங்க" என்றேன்.

மேஸ்திரி சிரித்துவிட்டார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

"பேரென்ன?"

"வெள்ளையம்மாங்க."

"ஓடுறது மட்டும் இல்ல வெள்ளையம்மா. எதுக்கு ஓடணும், எப்ப ஓடக்கூடாதுன்னு தெரியணும். சட்டம் இருக்கு. படிச்சுக்கிட்டே வேலயப் பாரு. நான் சொல்லாமத்தான் வருவேன். வந்து கேப்பேன். சரியாச் சொன்னா கேட்டு ஒனக்கு. இல்லன்னா வீட்டையும் காலி பண்ணிக் குடுத்துடணும். சம்மதமா?"

கேங் குடிசையை விட்டுப் போகச் சொல்லியாயிற்று. ஊரில் எங்களுக்கு ஒரு குழி நிலம் கிடையாது. சம்மதம் என்றேன்.

தம்பி கேட்ட படிப்பு இதுதான். புத்தகம் கிடையாது. எங்கள் வீட்டுக்காரர் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு சொல்லுவார். நான் கம்பு இடித்துக்கொண்டே திருப்பிச் சொல்லுவேன். தப்பினால் உலக்கை நிற்க வேண்டும். அவருக்கு அது ஒரு சந்தோஷம்.

கதவடைப்பதில் என்ன படிப்பு என்று நினைக்கலாம். தொலைவில் ஸ்டேஷன் கைகாட்டி தெரியும். அது இறங்கிவிட்டால் வண்டி வருகிறது என்று அர்த்தம். உடனே ஓடிப்போய்க் கதவை இழுக்கக் கூடாது. முதலில் இரண்டு கதவுக்கும் நடுவே வண்டி, மாடு, ஆள் இல்லை என்று பார்க்க வேண்டும். பிறகு தூரத்துக் கதவை அடைத்துச் சங்கிலி போட்டுப் பூட்டி, தண்டவாளத்தைத் தாண்டி வந்து கிட்டத்துக் கதவை அடைக்க வேண்டும். சாவி இடுப்பில். பச்சைக் கொடி விரித்து ஒரு கையில். சிவப்புக் கொடி சுற்றியபடி இன்னொரு கையில், எந்த நிமிஷமும் விரிக்கிற மாதிரி. வண்டி போகும்போது என்ஜினைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது; சக்கரத்தைப் பார்க்க வேண்டும். எங்கேயாவது புகைகிறதா, எதாவது தொங்குகிறதா, கதவு திறந்து ஆடுகிறதா? கடைசிப் பெட்டியின் முதுகில் ஒரு பலகை மாட்டியிருக்கும். அதைக் கண்ணால் பார்த்தால்தான் வண்டி முழுசாகப் போயிருக்கிறது. பலகை இல்லையென்றால் பாதி வண்டி அறுந்து பின்னால் எங்கேயோ நிற்கிறது, தானாக உருண்டு வந்தாலும் வரும். பலகையைப் பார்க்காமல் கதவைத் தொடவே கூடாது.

அப்புறம் பட்டாசு. தீபாவளிப் பட்டாசு இல்லை. தகர டப்பி மாதிரி இருக்கும், இரண்டு பக்கமும் ஈயப் பட்டை. தண்டவாளத்தின் தலையில் வைத்துப் பட்டையைக் கீழே மடக்கிவிட்டால், என்ஜின் சக்கரம் ஏறியதும் வெடிக்கும். டிரைவர் வண்டியை நிறுத்துவார். கேட்டில் வண்டிமாடு மாட்டிக்கொண்டால் சிவப்புக் கொடியை நட்டுவிட்டு, இன்னொரு கொடியைக் காட்டிக்கொண்டே வண்டிக்கு எதிராக ஓடி, குறித்த தந்திக்கம்பத்தருகே இந்தப் பட்டாசுகளை இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும். மூச்சிரைக்கும், கை நடுங்கும், ஆனாலும் பட்டை சரியாக மடங்க வேண்டும். அதனால் ஓடிவிட்டுத்தான் கட்டிப் பழகினேன். வெடித்துப்போன பழைய பட்டைகளை மேஸ்திரி கொடுத்திருந்தார்.

கண்டாங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் ஓடுவது வயலில் நடுகிற பெண்களுக்கு வேடிக்கை.

"ஏடி, கருப்பையா பொண்டாட்டிய யாருடி வெரட்டுறா?"

"ரயிலுதான் வெரட்டுது. வேற யாரு வெரட்டப் போறா அவள!"

"எங்கிட்டுடி போற வெள்ளையம்மா? திருச்சினாப்பள்ளிக்கா? டிக்கெட்டு வாங்குனியா?"

"நான் ஓடுனாத்தான்டி வண்டியே நிக்கும்" என்று ஓடிக்கொண்டே சொல்லுவேன். திரும்பி வரும்போது பேச மூச்சிருக்காது.

ஊர்த் தலைவருக்குப் பெரிய அம்பலம் என்று பெயர். அவரும் பார்த்துச் சிரித்தவர்தான். ஆனால் அவருடைய கூண்டு வண்டி எத்தனை அவசரமாக வந்தாலும் கேட் அடைத்திருந்தால் முணுமுணுக்க மாட்டார். இறங்கிக் கதவருகே வந்து நின்று, "ரயில்காரி, தண்ணி குடு" என்பார். சொம்பு நிறையக் குடிப்பார். வண்டி போகும்வரை தன் காளைகளைப் பற்றிப் பேசுவார். அவரே நிற்கிறார் என்றால் மற்றவர்கள் நிற்காமல் என்ன செய்வார்கள்? எனக்கு அந்தக் கேட்டில் முதல் மரியாதை வாங்கிக் கொடுத்தவர் அவர்.

இன்ஸ்பெக்டர் இரண்டு மூன்று தடவை வந்தார். அவர் கேட்கிற விதமே தனி. கேள்வியைக் கேட்டுவிட்டுப் பொடிடப்பியைத் திறப்பார். ஒரு சிட்டிகை எடுப்பார். அது மூக்குக்குப் போவதற்குள் பதில் வர வேண்டும். அதன்பிறகு எத்தனை சரியாகச் சொன்னாலும் கேட்காத மாதிரி டிராலியில் ஏறிவிடுவார்.

"வண்டி போயிருச்சு. அடுத்து என்ன?"

"கதவத் தொறப்பேங்க."

பொடி மூக்குக்குப் போய்விட்டது. "கடைசிப் பலகைய யாரு பாப்பா? நானா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்னொரு நாள் புறப்படும்போது ஒன்று சொன்னார். "கேட்டுக்கு இங்கிட்டும் ஆளு நிக்கும், அங்கிட்டும் ஆளு நிக்கும். ரெண்டு பக்கமும் ஒன்னயக் கூப்புடும். நீ ரெண்டு பக்கத்து ஆளும் இல்ல. நீ வர்ற வண்டியோட ஆளு." இதை மட்டும் நான் உலக்கை போட்டுப் படிக்கவில்லை. தானாக மனசில் உட்கார்ந்துகொண்டது.

முடிவான பரீட்சைக்கு வரப்போகிறார் என்று மேஸ்திரி சொல்லிவிட்டுப் போன சமயத்தில்தான் பெரிய அம்பலம் இறந்துபோனார்.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பாடையைத் தூக்கிவிட்டால் பாதி வழி வரை எங்கேயும் நிற்கக் கூடாது. பாதி வழியில் ஒரு கல் நட்டிருக்கும். அங்கே பொரி இறைத்து, தலைப்பக்கம் இருந்தவர்கள் கால்பக்கம் வருகிற மாதிரி பாடையைத் திருப்பித் தோள் மாற்றுவார்கள். அதற்கு முன்னால் நின்றால், போகிற உயிர் வீட்டைத் திரும்பிப் பார்க்கும் என்பார்கள். எங்கள் ஊருக்குச் சுடுகாடு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். திருப்புகிற கல்லும் அந்தப் பக்கம்தான். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவார்கள்.

பறைச் சத்தமும் வேட்டுச் சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தன. பாடை ஊரை விட்டு வெளியே வந்த நேரத்தில் கைகாட்டி இறங்கியது. என் கண் இரண்டையும் பார்த்தது. பாடை வந்து தாண்டுவதற்குள் வண்டி வராமலும் இருக்கலாம். கைகாட்டி இறங்கினால் வண்டி வரும். எப்போது வரும் என்பது என்ஜினுக்குத்தான் தெரியும். மற்ற நாளாக இருந்தால் காதை வைத்துக் கண்டுபிடிப்பேன். அன்றைக்குப் பறை அடிக்கிற அடியில் என் பேச்சே எனக்குக் கேட்கவில்லை. தூரத்துக் கதவை அடைத்தேன். கிட்டத்துக் கதவை அடைத்தேன். சாவியை இடுப்பில் செருகினேன்.

முன்னால் வந்தவர் சின்ன அம்பலம், இறந்தவரின் தம்பி. அடைத்த கதவைப் பார்த்ததும் அவருக்கு முகமே மாறிவிட்டது.

"தொறடி கதவ!"

"கைகாட்டி எறங்கிருச்சுங்க."

"புகையக் காணோம், ஒண்ணக் காணோம். என்னடி வண்டி? எங்க அண்ணன நடுரோட்டுல நிப்பாட்டுவியா? தொற!"

பாடை கிட்டே வந்துவிட்டது. தூக்கி வந்தவர்கள் கால் தரிக்காமல் நின்ற இடத்திலேயே மிதித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கதவைப் பிடித்து உலுக்கினான். "கழட்டி எறிங்கடா" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"பொம்பள நிக்கிற எடமாடி இது?" என்று சின்ன அம்பலம் கேட்டார்.

"எனக்குச் சோறு போடுற எடங்க இது. நான் இங்கனதான் நிக்கணும்."

"நாளைக்கு எங்க கெணத்துப் பக்கம் கொடத்தத் தூக்கிக்கிட்டு வந்துறாத. சொல்லிப்புட்டேன்."

வேறு தண்ணீர் கிட்டத்தில் கிடையாது. கதவைத் திறந்து, வண்டியும் வந்துவிட்டால்? பாடை தூக்கியவர்கள், பறையடிப்பவர்கள், கொள்ளிச்சட்டி பிடித்த பேரன், எல்லோரும் தண்டவாளத்தின் மேல்தான் இருப்பார்கள்.

பாடையைப் பார்த்தேன். சுற்றிப் பூ. முகம் மட்டும் தெரிந்தது. எனக்கு எங்கிருந்துதான் அந்தப் பேச்சு வந்ததோ தெரியாது.

"ஏங்க, உசுரோட இருக்கயில இந்தக் கதவுகிட்ட நிக்கமாட்டேன்னு ஒருநாளாச்சும் சொன்னாரா அவரு? எத்தன நாளு நின்னு தண்ணி வாங்கிக் குடிச்சாரு. இன்னைக்கும் நிப்பாரு. ஒங்களுக்குத்தான் நிக்க முடியல."

பறை தானாக ஓய்ந்தது. கதவை உலுக்கியவன் கையை எடுத்துக்கொண்டான்.

"நிக்கக் கூடாதுன்னா நிக்க வேணாம். இங்கனயே திருப்பிக்குங்க" என்றேன்.

"கல்லு அங்கிட்டுல்ல இருக்கு!" என்றார் சின்ன அம்பலம். ஆனால் குரல் பழையபடி இல்லை.

மாரி என்று ஒரு பெரியவர். ஊரில் எந்தச் சாவுக்கும் முன்னால் நின்று முறை செய்கிறவர். அவர் பாதையைத் திரும்பிப் பார்த்தார், சுடுகாட்டுப் பக்கம் பார்த்தார். "ஐயா, அந்தக் கல்லு நேர்பாதைக்குப் போட்டது. ரயிலு வந்தப்பறம் பாத சுத்தியில்ல வருது. இப்பக் கணக்குப் பாத்தா இதுதான் பாதி. இங்கன திருப்புனா ஒரு கொறயும் இல்ல. கீழ மட்டும் எறக்க வேணாம்" என்றார்.

சின்ன அம்பலம் விலகி நின்றார். மாரி பொரியை இறைத்தார். தோளிலிருந்து இறக்காமலே பாடையைச் சுற்ற ஆரம்பித்தார்கள். பாதி திரும்பும்போது வண்டி சத்தம் கேட்டது. நான் கொடியை எடுத்துக்கொண்டு என் இடத்துக்குப் போனேன். இத்தனை கூட்டத்தைப் பார்த்த டிரைவர் விசிலை விடாமல் அடித்தார். பச்சைக் கொடியை ஆடாமல் பிடித்தேன். வண்டி காற்றை வாரி அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டியது; பாடையின் பூ பறந்து என்மேல் விழுந்தது. எதிரே நின்றவர்கள் கதவை விட்டு ஒரு எட்டு பின்னால் போனதைப் பார்த்தேன்.

கடைசிப் பலகையைப் பார்த்தேன். கதவைத் திறந்தேன். பெரிய அம்பலம் என்னைத் தாண்டிப் போனார்.

காரியம் முடிந்த கையோடு சின்ன அம்பலம் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் சொல்லிவிட்டார். பிணத்தை மறித்தாள், பெரிய மனுஷர்களை அவமரியாதையாகப் பேசினாள், அவளை வேலையிலிருந்து எடுக்க வேண்டும் என்று. கிணற்றில் தண்ணீர் எடுக்கவும் விடவில்லை. எங்கள் வீட்டுக்காரர் அந்தக் காலை இழுத்துக்கொண்டு ஸ்டேஷன் வரை போய்க் குடம் சுமந்தார். "ஒரு வார்த்த கொறச்சுப் பேசியிருக்கலாம்" என்றார் ஒருநாள். "கதவத் தொறந்திருக்கலாம்னு சொல்லலையே நீங்க" என்றேன். "அத எப்படிச் சொல்லுவேன்" என்றார்.

பரீட்சைக்கு இன்ஸ்பெக்டர் வந்தபோது சின்ன அம்பலமும் நாலு பேரோடு வந்துவிட்டார். டிராலியைத் தண்டவாளத்திலிருந்து இறக்கி எங்கள் வீட்டுப் பக்கம் வைத்தார்கள். இன்ஸ்பெக்டர் முதலில் என்னைக் கேட்டார். பொடி எடுத்தார், பதில் சொன்னேன். பொடி எடுத்தார், பதில் சொன்னேன். ஓடிக் காட்டச் சொன்னார், ஓடினேன். பட்டை மடக்கியதைத் தன் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கேட்டைத் தாண்டிப் போய் வேப்பமர நிழலில் நின்ற சின்ன அம்பலத்திடம் பேசப் போனார். என்ன பேசினார்கள் என்பது எனக்கு நன்றாகக் கேட்டது.

"பாடைய எங்க திருப்புனீங்க?"

"இங்கனதான், கதவுகிட்ட."

"கீழ எறக்குனீங்களா?"

"எறக்கலங்க."

"முறையில ஏதும் கொற உண்டா?"

"மாரி இல்லன்னுட்டான். அது இல்லங்க. ஒரு பொம்பள சொல்லி நாங்க நிக்கிறதான்னுதான்..."

அந்த நேரம் பார்த்துக் கைகாட்டி இறங்கியது.

டிராலி என் பக்கம் இருந்தது. இன்ஸ்பெக்டர் அந்தப் பக்கம் இருந்தார். பேச்சை முடித்துக்கொண்டு வரட்டும் என்று நான் காத்திருக்கவில்லை. கூப்பிடவும் இல்லை. நடுவே யாரும் இல்லை என்று பார்த்தேன். நேராகப் போய் அவர் முகத்துக்கு எதிரே கதவை அடைத்துச் சங்கிலி போட்டேன். இந்தப் பக்கம் வந்து இதையும் அடைத்தேன். டிராலி தள்ளுகிறவர்கள் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எங்கள் வீட்டுக்காரர் கட்டிலிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

இன்ஸ்பெக்டர் கதவருகே வந்தார். சங்கிலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பொடிடப்பியைத் திறந்தார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. டப்பியைச் சின்ன அம்பலத்திடம் நீட்டினார். "போடுங்க. வண்டி வரட்டும்" என்றார். வேறு வழியில்லாமல் அவரும் ஒரு சிட்டிகை எடுத்தார். இரண்டு பேரும் என் கதவுக்கு வெளியே பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

வண்டி போனது. கதவைத் திறந்தேன்.

"கடைசிப் பலகைய பாத்தியா?"

"பாத்தேங்க. இருந்துச்சுங்க."

"நான் பாக்கல. அம்பலம் தும்மிக்கிட்டிருந்தாரு" என்றார். பிறகு அவர் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா, நானும்தான் நின்னேன்" என்றார்.

டிராலியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், "வெள்ளையம்மா, கேட்டு ஒன்னுது" என்று சொன்னார். சாயங்காலம் சின்ன அம்பலம் வீட்டு ஆள் வந்து, கிணற்றுக்கு வரலாம் என்று சொல்லிவிட்டுப் போனான். அவர் வரவில்லை. அவரிடம் நான் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

அதன்பிறகு யுத்தம் வந்தது. பட்டாளத்து வண்டிகள் நேரம் காலம் இல்லாமல் ஓடின. மகாராஜா சமஸ்தானம் போய்ச் சர்க்கார் வந்தது. வண்டிமாடு போய் பஸ் வந்தது. நான் அதே கேட்டில் இருந்து, தலை நரைத்து, பென்ஷன் வாங்கி வந்தேன். என் கேட்டில் ஒரு ஆடுகூட அடிபட்டதில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

ஊரில் அப்புறம் யார் இறந்தாலும், வண்டி வந்தாலும் வராவிட்டாலும் பாடை என் கேட்டடியில்தான் திரும்பியது. பழைய கல் எங்கே என்று கேட்டால் இப்போது யாருக்கும் தெரியாது. சின்ன அம்பலத்தையும் அங்கேதான் திருப்பினார்கள். அன்றைக்குக் கதவு திறந்தேதான் இருந்தது. எங்கள் வீட்டுக்காரரை அங்கே திருப்பியபோது நான் வழக்கப்படி தெருமுனையில் நின்றுவிட்டேன். பொரி விழுகிற சத்தம் அங்கே கேட்காது. எனக்குக் கேட்டது.

எனக்கும் அந்த இடம்தான். கேட்டில் இருக்கிற தம்பிக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன். அன்றைக்கு மணி அடித்தால், ஆத்தா வருகிறாள் என்று கம்பைத் தூக்கிப் பிடிக்க வேண்டாம். இறக்கிவிடு. நான் நிற்பேன்.